பிஆர்ஐ லைனில் "டிக் டிக்", ஃபேக்ஸ் பாதியில் அறுகிறது: க்ளாக் சிங்க் செய்வது எப்படி?

தறிச்சத்தம்:

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர், கேமரா, டெலிஃபோன் மூன்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கிச்சன் டவல், ஏப்ரன், மேஜை விரிப்பு, இவைதான் எங்கள் சரக்கு. சில மாதமாக ஒரு ஃபோன் கோளாறு என்னைப் படுத்தி எடுக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்களிடம் 2009-இல் வாங்கிய இபிஏபிஎக்ஸ் ஒன்று, அதாவது கம்பெனிக்குள் ஃபோன்களை இணைக்கும் பெட்டி, இருக்கிறது. 96 எக்ஸ்டென்ஷன். ஒரே சமயத்தில் 30 பேர் வெளியே பேசக்கூடிய டிஜிட்டல் லைன், அதாவது 30 சேனல் பிஆர்ஐ, நேராக அதில்தான் வந்து இறங்கும். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு புகாரும் இல்லை. போன பொங்கல் முடிந்து, புதுக் கட்டிடத்துக்கு ஐபி ஃபோன் வேண்டும் என்று நடுவில் ஒரு ஆஸ்டரிஸ்க் சர்வரை (ஃபோன்களை இணைக்கும் மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர்) வைத்தார்கள். அதில் பிஆர்ஐ மாதிரி லைன்களைச் செருகும் இரண்டு போர்ட் இ1 கார்டு. முதல் போர்ட்டில் பிஆர்ஐ. இரண்டாவது போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் பழைய இபிஏபிஎக்ஸுக்கு. அவ்வளவுதான் மாற்றம்.

அதிலிருந்து வெளி ஆட்களோடு பேசும்போது அவ்வப்போது ஒரு "டிக்". பேச்சு அறுவதில்லை. நகத்தால் ரிசீவரைச் சுண்டினால் வருமே, அந்த மாதிரி. பேசுகிறவர்கள் பழகிவிட்டார்கள். ஆனால் ஃபேக்ஸ் பழகவில்லை.

இந்தக் காலத்தில் ஃபேக்ஸா என்று கேட்பீர்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். ஆர்டரில் திருத்தம் என்றால் கையால் வரைந்து ஃபேக்ஸில்தான் அனுப்புவார்கள். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு 5:30. நாங்கள் வருவதற்குள் தாள் வந்து கிடக்கும். சர்வர் வந்த பிறகு மூன்றில் ஒன்று பாதியில் நின்றது. பாதியில் அறுகிறதே என்று மெஷினில் ஈசிஎம்மை, அதாவது கெட்ட பகுதியைத் திரும்பக் கேட்டு வாங்கும் வசதியை, அணைத்தேன். அதன் பிறகு பக்கம் முழுதாக வருகிறது, ஆனால் நடுவில் கெட்டுப்போய் வருகிறது.

போன மாதம் வந்த தாள் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. டவலின் மூலையைப் படமாக வரைந்து, அம்புக்குறி போட்டு ஓர மடிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். அம்பின் தலை தெரிகிறது, வால் தெரிகிறது. நடுவில் விரல் அகலத்துக்கு எழுத்தெல்லாம் இழுபட்டு நெட்டுக்கோடுகளாக நிற்கிறது. எண் இருந்த இடம் அதுதான். பழைய ஆர்டரில் இருந்த 10 மில்லிமீட்டரையே வைத்துத் தைத்துவிட்டார்கள். கேட்டிருந்தது 5. மொத்தம் 400 டஜன். ஃபேக்ஸை வாங்கி ஃபைலில் போடும் ரிசப்ஷன் அக்காவுக்குத்தான் திட்டு விழுந்தது. அவர் பிழை எதுவும் இல்லை என்று நான் சொன்னாலும் காட்ட ஒரு ஆதாரம் வேண்டுமே.

லைன் கொடுத்தவர்களிடம் சொன்னேன். ஆள் வந்து மீட்டர் மாட்டி ஒரு இரவு முழுக்கச் சோதித்தார். ஒரு பிட் கூடப் பிழை இல்லை. "எங்க லைன் சுத்தம், உங்க பக்கம் க்ளாக் சிங்க் ஆகலை, அதைச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இபிஏபிஎக்ஸில் மணியைப் பார்த்தால் உண்மையிலேயே 5 நிமிஷம் பின்னால் இருந்தது. திருத்தி வைத்தேன். டிக் அப்படியேதான் இருக்கிறது. வேறு எந்த க்ளாக்கை எதோடு சிங்க் செய்ய வேண்டும்?

சர்வர் ரூம்:

நண்பரே, கையால் மணி வைத்தால் நிற்காது, திரும்ப ஓடிவிடும். என்டிபி வையுங்கள், நெட்வொர்க் வழியாக மணியைச் சரிசெய்யும் முறை அது. ஆஸ்டரிஸ்க் சர்வரில் க்ரோனி என்ற என்டிபி மென்பொருளைப் போட்டு, டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டைம் சர்வரையோ தேசிய தகவலியல் மையமான என்ஐசியின் டைம் சர்வரையோ கொடுங்கள். இந்திய நேரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதே அந்த ஆய்வகம்தான். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவும் இந்த இரண்டு இடத்தோடுதான் ஒத்துப்போகச் சொல்கிறது. ஃபயர்வாலில் என்டிபி போய்வரும் யுடிபி 123 போர்ட் திறந்திருக்க வேண்டும். ஐபி ஃபோன்களுக்கு, அவற்றுக்கு ஐபி முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபியில், ஆப்ஷன் 42 வழியாக உங்கள் சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் ஒரே மணி காட்டும். புதுக் கட்டிடத்தில் ஏதாவது ஃபோன் 1970 ஜனவரி 1 என்று காட்டினால் அதற்கு மணி கிடைக்கவே இல்லை என்று அர்த்தம்.

பழைய இபிஏபிஎக்ஸுக்கு என்டிபி தெரியுமா என்று மேனுவலில் பாருங்கள். டிக் சத்தம் இதனால்தானா என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச்:

தம்பி, டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சர்வர் ரூம் நண்பர் சொன்னது நல்ல விஷயம், செய்து வையுங்கள். ஆனால் லைன்காரர் சொன்ன க்ளாக் வேறு. அது மணி காட்டாது. அது தாளம்.

கிராமத்தில் ஒரே உரலில் இரண்டு பேர் நெல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உலக்கை மேலே போகும்போது இன்னொருவருடையது கீழே வரும். இடிக்காது. மணி என்ன என்று இரண்டு பேருக்குமே தெரிய வேண்டியதில்லை. வேகம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் வேகம் கூட்டினால் பத்துக் குத்து தாங்கும், ஐம்பது தாங்கும், அப்புறம் எங்கேயோ ஒரு இடத்தில் உலக்கையும் உலக்கையும் மோதிவிடும்.

உங்கள் பிஆர்ஐ வருவது இ1 என்ற வழியில். நொடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட். அதை 8000 ஃபிரேமாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு ஃபிரேமுக்கு 32 அறை. அறைக்கு 8 பிட். 30 அறையில் பேச்சு, ஒன்றில் சிக்னலிங், ஒன்று ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று அடையாளம் காட்ட. ஒரு ஃபிரேம் 125 மைக்ரோ நொடி. எக்ஸ்சேஞ்ச் தன் தாளத்தில் அனுப்புகிறது, உங்கள் கார்டு தன் தாளத்தில் படிக்கிறது. இரண்டும் கொஞ்சம் விலகினாலும் வித்தியாசம் கார்டில் உள்ள பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்ந்துகொண்டே வரும். ஒரு ஃபிரேம் அளவு சேர்ந்ததும் கார்டுக்கு வேறு வழியில்லை. ஒரு ஃபிரேமைத் தூக்கிப் போடும், அல்லது ஒன்றையே இரண்டு தடவை படிக்கும். இதற்குப் பெயர்தான் ஸ்லிப். நீங்கள் கேட்கும் டிக் அதுதான்.

பேச்சில் 125 மைக்ரோ நொடி போனால் காதுக்கு ஒரு டிக், அவ்வளவுதான். ஃபேக்ஸ் மோடத்துக்கு அது பள்ளத்தில் சக்கரம் இறங்கின மாதிரி. ஈசிஎம் இருந்தால் கெட்ட துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும், கடைசியில் களைத்து லைனை வைத்துவிடும். ஈசிஎம் இல்லாவிட்டால் கெட்டதைக் கெட்டபடியே அச்சடிக்கும். உங்கள் அம்புக்குறிக்கு நடந்தது இதுதான்.

ஒரு இரவு முழுக்கப் பிட் பிழை இல்லை என்றாரே, அவர் பொய் சொல்லவில்லை. மீட்டர் லைனின் தாளத்திலேயே படிக்கும். கூடவே ஓடுகிறவனுக்கு வேக வித்தியாசம் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கார்டில் சிஆர்சி பிழை (பிட் கெட்டதைக் காட்டும் சரிபார்ப்பு எண்) ஏறினால் கேபிள், கனெக்டர், எர்த் இவற்றைப் பாருங்கள். சிஆர்சி சுத்தமாக இருந்து ஸ்லிப் மட்டும் ஏறினால் கேபிளைத் தொடவே வேண்டாம். அது க்ளாக். லைன்காரர்கள் பல இடத்தில் இந்தச் சரிபார்ப்பை, அதாவது சிஆர்சி4-ஐ, அணைத்தே கொடுப்பார்கள், அப்போது அந்த எண் 0 என்றிருந்தாலும் நம்ப முடியாது, அதையும் கவனியுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேக வித்தியாசம் இருந்தால் 125 நொடிக்கு ஒரு ஸ்லிப் வரும். ஒரு நாளைக்கு 691. ஆகவே 125-ஐ உங்கள் டிக் இடைவெளியால் வகுத்தால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு விலகி ஓடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். ஐடியு என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.811 தரத்தில் உள்ள சீசியம் கடிகாரங்கள் இரண்டு தனித்தனியாக ஓடினாலும் ஸ்லிப் 70 நாளுக்கு ஒன்றுதான் வரும். நெடுந்தூர இணைப்புக்கே நாளுக்கு 5 ஸ்லிப்புக்குள் இருந்தால் நல்ல லைன் என்று அதே அமைப்பின் ஜி.822 சொல்கிறது.

எண்ணுவதற்கு ஒரு வழி. பேச்சுக்கு நடுவில் எண்ணாதீர்கள், யாரும் பேசாத நேரத்தில் ஸ்லிப் விழுந்தால் கேட்கவே கேட்காது. விடாமல் ஒலிக்கும் ஒரு சத்தம் வேண்டும். ஆஸ்டரிஸ்கில் மில்லிவாட் டோன் இருக்கிறது, 1004 ஹெர்ட்ஸ். ஒரு நம்பரை அதற்கு ஒதுக்கி வெளியிலிருந்து கூப்பிடுங்கள். செல்ஃபோனில் கூப்பிட வேண்டாம், பேச்சைச் சுருக்கி அனுப்பும் அதன் கோடெக்கே டோனைக் கடித்துத் துப்பிவிடும். லேண்ட்லைன் உள்ள வீட்டிலிருந்து கூப்பிடுங்கள். கையில் வாட்ச் இருக்கட்டும்.

பிறகு இந்த மூன்றையும் சோதித்துச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்டென்ஷனிலிருந்து பழைய எக்ஸ்டென்ஷனுக்கு டிக் வருகிறதா? பழைய எக்ஸ்டென்ஷனிலிருந்து புது ஐபி ஃபோனுக்கு? ஐபி ஃபோனிலிருந்து வெளியே?

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் உங்கள் பதில் வந்த பிறகு சொல்கிறேன்.

தறிச்சத்தம்:

ஐயா, மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக இதுவரை யாரும் சொன்னதில்லை. படித்ததும் எனக்குத் தறிதான் ஞாபகம் வந்தது. பாவு விடும் வேகமும் துணி சுற்றும் வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் பாவு தொய்யும் அல்லது இழை அறும். எங்கள் அப்பா தறி ஓட்டியவர். அதை அவர் காதாலேயே கண்டுபிடிப்பார்.

சோதித்துவிட்டேன். பழைய எக்ஸ்டென்ஷனுக்குள் டிக் இல்லை. பழையதிலிருந்து ஐபி ஃபோனுக்குப் பத்து நிமிஷம் டோன் வைத்துக் கேட்டேன், ஒன்று கூட இல்லை. எந்த ஃபோனிலிருந்தும் வெளியே போனால் வருகிறது.

மில்லிவாட் டோனை எங்கள் வீட்டு லேண்ட்லைனிலிருந்து கேட்டேன். காலை 7 மணிக்கு ஏறக்குறைய 20 நொடிக்கு ஒன்று. மதியம் 2 மணிக்கு, சர்வர் இருக்கும் அறையில் ஏசி அணைந்திருந்த நேரம், 8 நொடிக்கு ஒன்று. உங்கள் கணக்கின்படி காலையில் 6 பங்கு, மதியம் 15-க்கும் மேல்.

கார்டின் நிலையைப் பார்த்தேன். முதல் ஸ்பானில் (போர்ட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறது) டைமிங் ஸ்லிப் என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது ஸ்பானில் 0. சிஆர்சி எங்கள் லைனில் இயக்கத்தில்தான் இருக்கிறது, அதிலும் 0. இரண்டாவது ஸ்பானுக்குப் பக்கத்தில் "க்ளாக்சோர்ஸ்" என்று எழுதியிருக்கிறது. இது சரியா?

பழைய எக்ஸ்சேஞ்ச்:

சரியில்லை தம்பி. நான் சந்தேகப்பட்டது இதுதான்.

கார்டு தாளம் எடுப்பது இரண்டாவது போர்ட்டிலிருந்து. அதாவது உங்கள் பழைய இபிஏபிஎக்ஸிலிருந்து. அந்த இபிஏபிஎக்ஸ் தாளம் எடுப்பது எங்கிருந்து? அது பத்து வருஷமாகச் செய்ததையே செய்கிறது, தன் இ1 போர்ட்டில் என்ன வருகிறதோ அதிலிருந்து. முன்பு அந்த போர்ட்டில் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. இப்போது உங்கள் கார்டு இருக்கிறது. கார்டு இபிஏபிஎக்ஸைப் பார்த்து ஓடுகிறது, இபிஏபிஎக்ஸ் கார்டைப் பார்த்து ஓடுகிறது. இதைத்தான் டைமிங் லூப் என்போம். அவர்கள் இருவருக்குள் சண்டை இல்லை, அதனால்தான் இரண்டாவது ஸ்பானில் ஸ்லிப் 0, பழைய எக்ஸ்டென்ஷனிலிருந்து ஐபி ஃபோனுக்கு டிக் இல்லை. ஆனால் இருவரும் சேர்ந்து எக்ஸ்சேஞ்சை விட்டு விலகிப் போகிறார்கள். எவ்வளவு விலகுவது என்று பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால் அறையின் சூடு ஏற ஏற வேகம் மாறுகிறது. உங்கள் காலைக் கணக்குக்கும் மதியக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எனக்கு இது மறக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். இரண்டு பக்கம் லிங்க். ஒன்று பெரிய ஊர், இன்னொன்று எங்களை விடச் சின்ன ஊர். ரோடு வேலையில் பெரிய ஊர் கேபிளை வெட்டிவிட்டார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்ச் தானாகவே இரண்டாவது லிங்கிலிருந்து க்ளாக் எடுக்கத் தொடங்கியது. அந்தச் சின்ன ஊரோ எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. கேபிளை ஒட்டின பிறகும் யாரும் க்ளாக்கைத் திருப்பவில்லை. மூன்று நாள் எஸ்டிடி பேசுகிறவர்கள் எல்லாம் சத்தம் சத்தம் என்று புகார். நாங்கள் ஜாயிண்ட்டைப் பிரித்துப் பிரித்து ஒட்டினோம். ஒரு மூத்த டெக்னீஷியன் வந்து, எந்த வயரையும் தொடாமல், "க்ளாக் யாரிடமிருந்து எடுக்கிறாய்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

விதி இதுதான்: தாளம் மேலிருந்து கீழே இறங்கணும். எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும், கார்டு எடுக்கும். அதே தாளத்தைக் கார்டு கொடுக்கும், இபிஏபிஎக்ஸ் எடுக்கும். திரும்பி மேலே ஏறவே கூடாது.

ஆஸ்டரிஸ்கில் அதை எப்படி எழுதுவது என்பது எனக்குப் பழக்கமில்லை. தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள்.

டயல் டோன்:

நான் சொல்கிறேன். கார்டை ஆஸ்டரிஸ்கோடு இணைக்கும் டாஹ்டி என்ற மென்பொருளின் சிஸ்டம் கான்ஃபிக் ஃபைலைத் திறவுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஸ்பான் என்று ஒரு வரி இருக்கும். சமக்குறிக்கு அப்புறம் முதல் எண் போர்ட்டின் வரிசை. இரண்டாவது எண்தான் உங்கள் பிரச்சினை. அது 0 என்றால் இந்த போர்ட்டிலிருந்து க்ளாக் எடுக்காதே என்று பொருள். 1 என்றால் முதலில் இதிலிருந்து எடு. 2 என்றால் முதலாவது போய்விட்டால் இதிலிருந்து எடு.

உங்களுடையதில் முதல் ஸ்பானுக்கு 0, இரண்டாவது ஸ்பானுக்கு 1 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். மாற்றி எழுதுங்கள். முதல் ஸ்பானுக்கு 1, இரண்டாவது ஸ்பானுக்கு 0. இரண்டாவதுக்கு 2 என்று எழுதும் ஆசை வரும், எழுத வேண்டாம். பிஆர்ஐ ஒரு நிமிஷம் போனாலும் கார்டு இபிஏபிஎக்ஸுக்குத் தாவி மறுபடி லூப் ஆகிவிடும். பிஆர்ஐ இல்லாத நேரத்தில் கார்டு தன் சொந்தக் க்ளாக்கில் ஓடட்டும். வெளியே பேசவே முடியாத நேரத்தில் அதனால் நஷ்டமில்லை.

கம்பெனி மூடின பிறகு செய்யுங்கள். ஆஸ்டரிஸ்கை நிறுத்தி, டாஹ்டியையும் முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள். ஓடுகிற நிலையில் வெறும் ரீலோட் போட்டால் க்ளாக் மாறியதா இல்லையா என்று குழம்ப வேண்டி வரும். தொடங்கிய பிறகு நிலையைப் பார்த்தால் "க்ளாக்சோர்ஸ்" முதல் ஸ்பானுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். இபிஏபிஎக்ஸ் பக்கத்தில் அந்த இ1 கார்டு ஸ்லேவ் (தாளம் எடுப்பது) என்றே இருக்கட்டும், மாஸ்டர் (தாளம் கொடுப்பது) என்று மாற்றிவிடாதீர்கள். அப்புறம் ஃபேக்ஸில் ஈசிஎம்மைத் திரும்பப் போடுங்கள். ஸ்லிப் இல்லாத லைனில் அது நல்லதையே செய்யும்.

பின்னால் வேறொரு கம்பெனியின் பிஆர்ஐயும் வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கார்டுகள் பலவற்றில் எத்தனை போர்ட் இருந்தாலும் அனுப்பும் க்ளாக் ஒன்றுதான். நல்ல லைன் எதுவோ அதற்கு 1, மற்றதுக்கு 2. இரண்டு பேருமே ஒழுங்கான மூலத்திலிருந்து க்ளாக் எடுப்பவர்களாக இருந்தால் பிரச்சினை வராது.

தறிச்சத்தம்:

நேற்று இரவு 9 மணிக்கு உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது, முதல் ஸ்பானுக்கு 0, இரண்டாவதுக்கு 1.

ஏன் அப்படி எழுதினார்கள் என்று தெரியாமல் மாற்ற மனம் வரவில்லை. சர்வரை வைத்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: முதல் நாள் சோதனைக்கு பிஆர்ஐயைக் கழற்றவில்லையாம். அது இபிஏபிஎக்ஸிலேயே இருக்க, இபிஏபிஎக்ஸின் காலியான இரண்டாவது இ1 போர்ட்டில் சர்வரைச் செருகிப் பார்த்தார்களாம். அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் தாளம் இபிஏபிஎக்ஸ் வழியாகத்தான் சர்வருக்கு வந்தது. அதனால் அங்கிருந்து எடு என்று எழுதியது அன்றைக்குச் சரி. இரண்டு நாள் கழித்து பிஆர்ஐயைக் கழற்றிச் சர்வரில் செருகியபோது கேபிள் மாறியது, அந்த எண் மாறவில்லை. அவரும் வருத்தப்பட்டார். தான் வைத்துக் கொடுத்த இன்னொரு இடத்திலும் பார்க்கிறேன் என்றார்.

மாற்றித் தொடங்கினேன். க்ளாக்சோர்ஸ் முதல் ஸ்பானுக்கு வந்துவிட்டது. தொடங்கின வேகத்தில் ஸ்லிப் 3 காட்டியது, எனக்குப் பகீரென்றது. அந்த 3 அதற்கு மேல் நகரவில்லை. இரவு 11 மணிக்கும் 3. காலை 7 மணிக்கும் 3. இன்று மதியம் 2 மணிக்கு ஏசியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு அறையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். 3.

மில்லிவாட் டோனை வீட்டிலிருந்து என் மனைவி 15 நிமிஷம் காதில் வைத்துக் கேட்டார். ஒரே இழையாகப் போகிறது என்றார்.

ஐயாவுக்கும் டயல் டோனுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் மிச்சம். இபிஏபிஎக்ஸின் மணி ஏன் 5 நிமிஷம் பின்னால் போனது? அதுவும் இந்த லூப்பினால்தானா? பத்து வருஷமாக அதன் மணியை நான் தொட்டதே இல்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச்:

மிகவும் சந்தோஷம் தம்பி. காரணம் தெரியாமல் மாற்றமாட்டேன் என்று நின்றீர்களே, அது நல்ல வேலைக்காரன் குணம். தொடங்கும்போது வந்த 3 பஃபர் நிலைக்கு வருவதற்குள் விழுந்தது, அதை விட்டுவிடுங்கள்.

மணி விஷயம். பொங்கலிலிருந்து இப்போது வரை ஏறக்குறைய 210 நாள், 5 நிமிஷம் என்றால் 300 நொடி. நாளுக்கு ஒன்றரை நொடிக்கும் குறைவு. குவார்ட்ஸ் கடிகாரம் சூடான அறையில் இவ்வளவு பின்தங்குவது சாதாரணம். லூப் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்கு முன்னால் பத்து வருஷம் ஏன் பின்தங்கவில்லை?

பிஆர்ஐயில் நீங்கள் வெளியே கூப்பிட்டு எதிர்முனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் கனெக்ட் என்று ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தியில் தேதியும் மணியும் சேர்த்து அனுப்ப, பிஆர்ஐ சிக்னலிங்குக்கான க்யூ.931 தரத்தில் இடம் இருக்கிறது. பல இபிஏபிஎக்ஸ்கள் அதைப் பார்த்துத் தன் மணியைத் திருத்திக்கொள்ளும். உங்களுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும். வெளியே ஒரு கால் போனால் போதும், மணி சரியாகிவிடும். நடுவில் சர்வர் வந்த பிறகு கனெக்ட் சொல்வது சர்வர். அது மணியைச் சேர்க்காமல் சொல்கிறது. அந்த ஒரே லைனில் எக்ஸ்சேஞ்ச் பேச்சையும் கொடுத்தது, தாளத்தையும் கொடுத்தது, மணியையும் கொடுத்தது. சர்வரை நடுவில் வைத்தபோது பேச்சை மட்டும் கடத்திவிட்டார்கள்.

டயல் டோன்:

ஐயா சொன்னதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஆஸ்டரிஸ்கில் இதற்கு வழி இருக்கிறது. சான் டாஹ்டி கான்ஃபிக் ஃபைலில் டேட்டைம் செண்ட் என்று ஒரு அமைப்பு. சொல்லாவிட்டால் அனுப்பாது, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. தேதி மட்டும், மணி வரை, நிமிஷம் வரை, நொடி வரை என்று எதுவரை அனுப்பலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது ஸ்பானின் பகுதியில், அதாவது இபிஏபிஎக்ஸ் பக்கம், எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்குச் சர்வர்தான் எக்ஸ்சேஞ்ச் இடத்தில் நிற்கிறது, அதனால் அனுப்பும் உரிமை அதற்கு உண்டு. நிமிஷம் வரை போதும் என்பது என் கருத்து. சில பழைய பெட்டிகளுக்கு நொடியோடு வந்தால் பிடிப்பதில்லை.

சர்வரின் மணி சரியாக இருந்தால்தான் இதில் பயன். ஆகவே சர்வர் ரூம் முதல் பதிலில் சொன்ன என்டிபியை முதலில் செய்யுங்கள்.

சர்வர் ரூம்:

நான் சொன்னது வேறு கோளாறுக்கு என்று நினைத்து ஒதுங்கியிருந்தேன். இரண்டும் இப்படி ஒன்று சேரும் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயாவின் பதிலைப் பிரிண்ட் எடுத்து எங்கள் அறையில் ஒட்டியிருக்கிறேன். எங்களுடைய இரண்டு இ1-இலும் க்ளாக் எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். நல்ல வேளை, சரியாக இருக்கிறது.

தறிச்சத்தம், க்ரோனி போட்ட பிறகு சோர்ஸஸ் என்று கேட்டுப் பாருங்கள். சர்வர் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அதைப் பிடித்து ஓடுகிறது. எந்தப் பெயருக்கு முன்னாலும் நட்சத்திரம் இல்லாவிட்டால் இன்னும் பிடிக்கவில்லை.

தறிச்சத்தம்:

நட்சத்திரம் வந்துவிட்டது. டேட்டைம் செண்டும் எழுதிவிட்டேன். சோதிப்பதற்காக இபிஏபிஎக்ஸின் மணியை வேண்டுமென்றே 12 நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் 214-இலிருந்து என் செல்லுக்கு ஒரு கால் போட்டேன். எடுத்த அந்தக் கணத்தில் ரிசப்ஷன் ஃபோனின் திரையில் 11:52 என்றிருந்தது 11:40 ஆக மாறியது. பக்கத்தில் நின்ற அக்கா, "என்ன தம்பி, நேரம் பின்னால போகுது!" என்றார். முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். இந்தப் பக்கத்தை எங்கள் மேனேஜரிடமும் காட்டினேன். ஃபேக்ஸ் கெட்டுப்போனது லைனில்தான், அக்காவால் இல்லை என்று அவர் வாயாலேயே அக்காவிடம் சொன்னார்.

எழுத ஒரு வாரம் தாமதித்ததற்குக் காரணம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வரட்டும் என்று காத்திருந்தேன். வியாழக்கிழமை காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. 2 மணிக்கு யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. 4:40-க்குக் கரண்ட் வந்ததும் லைன்காரரின் பெட்டி, சர்வர், இபிஏபிஎக்ஸ் மூன்றும் தானாக எழுந்தன. நான் எதையும் தொடவில்லை. க்ளாக்சோர்ஸ் முதல் ஸ்பானில்தான் இருந்தது. ஸ்லிப் 2. வெள்ளிக்கிழமை காலையிலும் 2.

அன்று காலை 5:34-க்கு ஜப்பானிலிருந்து 7 பக்கம் வந்து கிடந்தது. ஈசிஎம் போட்ட நிலையில், ஒரே தடவையில். நாலாவது பக்கத்தில் மேஜை விரிப்பின் மூலையை வரைந்திருக்கிறார்கள். அம்புக்குறி முழுதாக இருக்கிறது. ஓர மடிப்பு 8 மில்லிமீட்டர்.